வெட்டாத ஆழம்

முதல் பருவத்து மாணவர்களுக்கு நான் முதலில் தருவது ஒரு கட்டளை: சேர்க்காதே, எடு. தெர்மோகோலில் வெட்டிய வெள்ளைக் கனசதுரம் ஒன்றை மேசைமேல் வைத்து, இதிலிருந்து எடுத்துக்கொண்டே போங்கள், எடுத்த இடமும் உருவம்தான் என்பேன். பிள்ளைகள் திகைத்துப் பார்ப்பார்கள். வீட்டின் உள்ளலங்காரம் படிக்க வந்தவர்களுக்குத் திரைச்சீலை, சோபா, சுவர் நிறம் என்று எதையாவது சேர்க்கத்தான் கை துடிக்கும். வெறுமையும் ஒரு பொருள் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். எனக்கு அது இளமையிலேயே பழகிய எண்ணம். நாள்தோறும் நான் ஓதும் பதிகங்களில் இறைவன் ஒளியாக இருக்கிற அளவுக்கு வெளியாகவும் இருக்கிறான். வெளியைக் காணக் கண் இருந்தால் போதும், ஒரு சொம்பின் உட்புறமே அதைக் காட்டிவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் என் இடக்கண்ணின் பார்வை போயிற்று. வலி இல்லை. மும்பை மாட்டுங்காவில் என் வீட்டு ஜன்னலோரம் காலையில் ஓதிக்கொண்டிருந்தபோது புத்தகப் பக்கத்தின் இடப்புறம் கலங்கிய நீர் ஊற்றியதுபோல் மங்கியது. கண்ணாடியைத் துடைத்தேன், மங்கல் போகவில்லை. விழித்திரையின் இரத்தக் குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். வலக்கண் திடமாக இருக்கிறது, படிக்கலாம், எழுதலாம், ஆனால் பொருள்களின் தூரத்தில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும், மூளை மெல்லப் பழகிக்கொள்ளும், அதுவரை படிக்கட்டில் கவனமாக இருங்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் அந்தத் தடுமாற்றம் சிறு சிறு அவமானங்களாக வந்தது. டிகாக்ஷன் டம்ளருக்கு வெளியே விழுந்தது. விளக்கேற்றும்போது தீக்குச்சி திரிக்கு இப்பால் நின்று எரிந்து விரலைச் சுட்டது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஜூலையில் வகுப்பு தொடங்கவிருந்ததை நினைத்தால்தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. செம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, கடைகளுக்கு மேல்மாடியில் நடக்கிறது எங்கள் கல்லூரி. அங்கே நான் கற்பிப்பது முப்பரிமாண உருவம். ஒரு பள்ளம் எவ்வளவு பள்ளம், ஒரு விளிம்பு எவ்வளவு முன்னே நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதுதான் என் வேலை. ஒற்றைக் கண்ணுக்கு அதுதான் தெரிவதில்லை.

எங்கள் முதல்வர் செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண்மணி. என்னைவிட வயதில் மிக இளையவர். என்னை மாமி என்றே அழைப்பவர். அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் காட்டப்போகும் கருணைக்குத்தான் அஞ்சினேன். ‘உங்களுக்கு எதுக்கு மாமி இந்த ஸ்டூடியோ, நின்னுண்டே இருக்கணும், பேசாம மரச்சாமான் சரித்திரம் எடுங்கோ, உக்காந்துண்டு சொல்லலாம்’ என்று ஏற்கெனவே இருமுறை சொல்லியிருந்தார். சரித்திரத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கையில் அட்டை முதன்முதலாக இடமாக மாறும் அந்தக் கணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் நான் எதற்காகப் பேருந்து ஏற வேண்டும்? ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு சில உபாயங்களைப் பழகினேன். மாதிரிகளைக் கையில் வாங்கித் தடவினேன். மேசையைச் சுற்றி நடந்தேன். தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தால் முன்னிருப்பது விரைவாகவும் பின்னிருப்பது மெதுவாகவும் நகர்வதுபோல் தோன்றும். அந்த வேறுபாட்டைக் கொண்டு ஆழத்தை ஊகித்தேன். சில நாட்களில் வகுப்பு முழுதும் என்னைப்போல் தலையை ஆட்டத் தொடங்கியது. முலுண்டிலிருந்து வரும் மாணவன் ஒருவன், பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்தவன், அதற்கு விளக்கமும் வைத்திருந்தான்.

“மேம் உள்ளுக்குள்ள சாமி பாட்டு பாடறாங்க. மாடல் நல்லா இருந்தா தலை வேகமா ஆடும். உன்னுதுக்கு ஆடவே இல்ல பாரு.”

நான் கேட்காததுபோல் இருந்தேன். அந்தச் சமயத்தில் என் உள்ளத்தில் ஒரு பதிகமும் இல்லை, கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் சுவர்ப் பயிற்சி கொடுத்தேன். வெள்ளை அட்டைகளை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, பார்ப்பவர் உள்ளே நடந்து போய்விடலாம் என்று நினைக்கும்படி ஆழமுள்ள ஒரு சுவரைச் செய்ய வேண்டும். நிறம் கூடவே கூடாது, நிழல்தான் நிறம். மற்ற ஆண்டுகளில் மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நிழலை வரவழைப்பேன். அன்று விளக்கைப் பக்கத்து வகுப்பு எடுத்துப் போயிருந்தது. வெளியே மழை மேகம். உள்ளே கூரையில் குழல் விளக்குகள். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், வெள்ளைமேல் வெள்ளை. எனக்கு அந்த அறையே ஒரு தாளில் வரைந்ததுபோல் இருந்தது.

தாராவியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஜன்னலோரத்திலிருந்து தன் பலகையைத் தூக்கிக் காட்டினாள். அவள் தந்தை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பட்டறைக்கு மேலேயே வீடு. வகுப்பில் எல்லோரையும் சிரிக்கவைப்பவள் அவள். அன்று ஏனோ தன் மேசையைவிட்டு நகரவில்லை. அவள் பலகையில் ஒரு வாசல், வாசலுக்குள் வாசல், அதற்குள் படிகள், படிகள் முடியும் இடத்தில் சாம்பல் இருள். நான் மற்ற யாருடையதையும் அன்று புகழ்ந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்:

“எல்லாரும் இங்கே பாருங்க. இதுதான் ஆழம். இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை.”

அறை அமைதியாயிற்று. பிறகு எங்கோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அந்தப் பெண் பலகையைக் கீழே இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். புகழ்ச்சிக்கு நாணுகிறாள் என்று எண்ணி, பட்டியலில் உயர்ந்த மதிப்பெண்ணை எழுதினேன்.

அடுத்த வகுப்புக்கு அவள் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். ஒரு புதிய பலகையை என் மேசைமேல் வைத்தாள். தோல் ஒட்டும் சொல்யூஷனின் நெடி குப்பென்று வந்தது. கையால் தொட்டேன். அடுக்குகள் உண்மையாகவே உள்ளே இறங்கின. விரல் முழுதும் உள்ளே போயிற்று.

“மேம், நீங்க திட்டியிருந்தாக்கூட நான் கேட்டிருப்பேன். எல்லாருக்கும் முன்னால புகழ்ந்துட்டீங்கல்லா. ஒரு வாரமா என்னைய ‘ஆழம், ஆழம்’னுதான் கூப்பிடுறானுவ.”

“என்ன சொல்றே?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. வெட்ட நேரமில்லாம வாட்டர் கலர்ல ஷேடு போட்டுட்டு வந்தேன். அட்டென்டென்ஸ் கெடச்சாப் போதும்னு தூரத்துலயே நின்னேன். அத நீங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டீங்க. சொல்லிருக்கலாம்லா, ‘ஏ பிள்ள, இது பெயின்ட்டு’ன்னு?”

முலுண்ட் மாணவன் பின்னாலிருந்து சொன்னான்: “அதான் மேமோட ஸ்டைல். புகழ்ந்தே கொன்னுட்டாங்க.”

வகுப்பு சிரித்தது. நான் புதிய பலகையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பில் மதிப்பு இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நான் ஏமாந்ததை அவர்கள் என் கூர்மை என்று கொண்டாடினார்கள். அதன் பயனாக ஒருத்தி உண்மையாகவே வெட்டக் கற்றுக்கொண்டும் வந்துவிட்டாள். விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்று திரும்பும் பேருந்தில், வழியிலிருக்கும் சயான் வரையில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தெருவில் சிலர் கூடி ஓதுவோம். அந்த வாரம், எத்தனையோ ஆண்டுகளாக என் நாவில் இருக்கும் பதிகத்தில் நடுப்பாட்டொன்று வராமல் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள். ஓதி முடித்த பின், என் கண்ணைப் பற்றி அறிந்த உறவுக்கார அம்மையார் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். கண்ணிழந்த அடியார் ஊர் ஊராகப் போய் இறைவனோடு வழக்காடி, ஓரூரில் ஒரு கண்ணும் மற்றோர் ஊரில் மறு கண்ணும் பெற்ற வரலாற்றை எனக்கே நினைவூட்டினார். நம்பிக்கையோடு பாடுங்கள், வரும் என்றார்.

வரலாறு எனக்குத் தெரியும். அதில் நம்பிக்கையும் உண்டு. ஆனால் அந்த இரவு முழுதும் என்னைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நெடிய வழி இருக்கிறது. அந்த வழியை அவர் ஒற்றைக் கண்ணோடுதான் நடந்திருக்க வேண்டும். ஆறு வந்தபோது கரை எவ்வளவு தாழ்வு என்று எப்படி அறிந்தார்? அன்னம் படைத்தவர்களின் கைக்கும் தம் கைக்கும் உள்ள தூரத்தை எப்படி அளந்தார்? அவ்வளவு பாடியவர் அதை மட்டும் ஏன் பாடாமல் விட்டார்? இது பக்தியில் சேருமா, அடாத கேள்வியா என்று எனக்கே விளங்கவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன். சொம்பின் விளிம்பில் பல் இடித்தது.

விடிந்ததும் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஏமாந்தது ஒருமுறைதானா? அந்தப் பருவத்தில் நான் மேசையோரமிருந்து பார்த்து மதிப்பெண் இட்ட மற்ற மாதிரிகள்? யாருடைய மேட்டைப் பள்ளம் என்றேனோ, யாருடைய உழைப்பைத் தட்டை என்றேனோ? எனக்கு வகுப்பில்லாத நாளொன்றில் கல்லூரிக்குப் போய், மாதிரிகளை அடுக்கி வைக்கும் சிற்றறைக்குள் நுழைந்தேன். வலக்கண்ணையும் மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஒருவனுடையதில், நான் ‘மேலோட்டமாக இருக்கிறது’ என்று குறைத்திருந்ததில், விரல் நினைத்ததைவிட உள்ளே போயிற்று. வெளியே எடுத்து மறுபடியும் விட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

அதன் கீழே அவளுடைய பழைய பலகை இருந்தது. விரலுக்கு அது வழவழப்பான ஒரே தளம். வாசலும் இல்லை, படியும் இல்லை. கண்ணைத் திறந்தேன்; எல்லாம் இருந்தன. மூடினேன், இல்லை.

“அத கிழிச்சுப் போடத்தான் வந்தேன்” என்றது ஒரு குரல். கதவருகில் அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “கண்ண மூடிட்டு என்ன செய்றீங்க மேம்?”

“சரி பார்க்கிறேன்.”

அவள் பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்து என் பக்கம் நீட்டினாள். “இதப் பிடிங்க.”

கையை நீட்டினேன். அளவுகோலுக்கு முன்பாகவே என் விரல்கள் மூடிக்கொண்டன. கையில் ஒன்றும் இல்லை.

“இன்னொரு வாட்டி.”

“வேண்டாம்.”

“எந்தக் கண்ணு மேம்?”

“இடது.”

அவள் அட்டைக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்ப அன்னைக்கு நீங்க மஜாக் பண்ணல, கேலியே இல்ல.”

“இல்லை.”

“நெசமாவே வெட்டுனதுன்னு நெனச்சிட்டீங்க.”

“ஆமாம்.”

சற்று நேரம் பலகையையே பார்த்தாள். கண்ணீரை எதிர்பார்த்தேன், இரக்கத்தையாவது எதிர்பார்த்தேன்.

“அப்ப நான் பெயின்ட் பண்ணுனது ஏக்தம் பக்காவா இருந்திருக்கு” என்றாள். “அது தெரியாம வாப்பாவோட கத்திய எடுத்து, உம்மாட்ட ஏச்சு வாங்கி, கையெல்லாம் கொப்பளம் வர வெட்டுனேனே. அதுக்கு யாரு பதில் சொல்லுவா?”

நான் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பின் வந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா. ஃபைனலுக்கு என் மாடல மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்றாள். என் முகம் மாறியதைக் கண்டு உடனே, “சும்மா சொன்னேன் மேம். சும்மா” என்று சேர்த்துக்கொண்டாள்.

அது விளையாட்டுப் பேச்சுத்தான். அவள் அப்படிப்பட்டவள் அல்லள். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. இனி அவளுக்கு நான் உயர்த்திப் போட்டால் அது விலை. குறைத்துப் போட்டால் அது பயம். நேர்மையாகப் போட்டாலும், நேர்மை என்று எதைக்கொண்டு சொல்வேன்? படி இறங்கும்போது கால் முதல்வர் அறைக்கு முன் நின்றது. உள்ளே போனேன்.

முதல்வரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். “ஏன் மாமி, இதை ஜூலைலயே சொல்லப்படாதா?” என்றார்.

“சொல்லியிருந்தா சரித்திரம் எடுக்கச் சொல்லியிருப்பே.”

“ஆமா, சொல்லியிருப்பேன். இப்பவும் சொல்லப் போறேன். கோச்சுக்காதீங்கோ. குழந்தேள் மார்க் விஷயம்.”

“மார்க் நான் போடலை. வேற யாராவது வந்து போடட்டும். ஏற்கெனவே போட்டதையும் அவங்களே திரும்பப் பார்க்கட்டும். வகுப்பை மட்டும் இந்தப் பருவம் முடியறவரைக்கும் என்கிட்ட விடு.”

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். “சரி. ஆனா குழந்தேளுக்குத் தெரியணும். நான் சொல்லவா, நீங்க சொல்றேளா?”

நானே சொன்னேன். நான் அஞ்சியிருந்த அமைதி ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. ஒருவன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பேனாவுக்கு மூடியிட முயன்றான். உடனே எல்லோரும் ஒரு கண்ணைப் பொத்தினார்கள். மூடிகள் பேனாவுக்குப் பக்கத்தில் இறங்கின. தண்ணீர்ப் புட்டி ஒன்று வரைபடத் தாள்மேல் கவிழ்ந்தது. யாரோ ஒருத்தி தன் மாதிரியைப் பார்த்து, “அரே, இது ஃபோட்டோ மாதிரி ஆயிடுச்சு” என்றாள். முலுண்ட் மாணவன் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. இடைவேளையில் வந்து, “சாரி மேம், அந்தத் தலையாட்டல்” என்றான். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். அவர்கள் ஆழம் என்ன என்பதை அன்று என் பல வாரப் பாடத்தைவிட நன்றாகவே அறிந்திருக்கலாம். அந்த இரைச்சலை ரசிக்க மட்டும் என்னால் முடியவில்லை. என் இழப்பு அவர்களுக்கு அரை மணி நேர விளையாட்டு. பிறகு கையை எடுத்துவிட்டார்கள்.

பருவ முடிவில், ஒருவர் தனியாக உட்காரும் இடம் ஒன்றை மாதிரியாகச் செய்ய வேண்டும். தாராவிப் பெண் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒருவர் கால் மடக்கி உட்கார்ந்து படிக்கும் மாடம் ஒன்றைச் செய்திருந்தாள். ‘எங்க வீட்டுல தனியா உக்காரணும்னா சொவத்துக்குள்ளதான் போகணும்’ என்பது அவள் தந்த விளக்கம். வெளியிலிருந்து வந்த இளம் வடிவமைப்பாளர் ஒருவர் மேசை மேசையாக நடந்து பார்த்தார். அந்நேரம் நான் வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தேன். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றதில்லை. உள்ளேயிருந்து பேச்சு வந்தது, சொற்கள் வரவில்லை. ஓதலாம் என்று வாயெடுத்தேன்; பாட்டின் இரண்டடிக்குமேல் மனம் நிற்கவில்லை.

மாலையில் அவள் மாதிரியைத் தலைக்குமேல் ஏந்தியபடி வந்தாள். நடுத்தரமான மதிப்பெண்.

“நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் மேம்.”

“இருந்திருக்கலாம்.”

“நீங்கன்னா எவ்ளோ போட்டிருப்பீங்க?”

“கொடு.”

கையில் வாங்கி விரலை உள்ளே விட்டேன். இருக்கையின் வளைவு அழகாக இருந்தது. முதுகு சாயும் பக்கம் ஆழம் போதவில்லை. உட்கார்பவரின் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உள்மூலையில் அடுக்கொன்று கோணியிருந்தது.

“அவர் போட்டது சரிதான்” என்றேன்.

“கோணிருக்கா?”

“கோணியிருக்கு.”

“எனக்குத் தெரியும்” என்றாள் சலிப்போடு. “அது எங்கன்னு அந்தாளு சொல்லவே இல்ல. ‘குட், பட்’னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” மாதிரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தன் விரலையே உள்மூலையில் விட்டுத் தேடினாள். கண்டுபிடித்ததும் முகம் சுளித்தாள். “அடுத்த பேட்ச்சுக்கு ஸ்டூடியோ நீங்கதானே எடுக்கீங்க?”

“பிரின்சிபால்கிட்ட கேட்டிருக்கேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“முதல் மாசம் எடுங்க, கனசதுரம் மட்டும், அப்புறம் பார்க்கலாம்னாங்க.”

“அப்புறம்னா?”

“அப்புறம்னா அப்புறம்தான்.”

கீழே தெருவில் மழை முடிந்த மாதத்தின் சாய்வெயில் அடித்தது. அவள் செல்ல வேண்டிய பேருந்து கூட்டத்தோடு வந்து நின்றது. மாதிரி நசுங்காமல் இருக்க இரு கையாலும் அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஜரா சைடு, சைடு” என்று கூவியபடி படியில் தொற்றினாள். தலைகளுக்குமேல் அந்த வெள்ளை மாடம் சிறிது நேரம் தெரிந்தது. வெயில் பக்கவாட்டில் பட்டு அதன் உட்புறம் கருத்திருந்தது. சற்றுமுன் விரலால் அளந்த ஆழம்தான். இருந்தும், நின்ற இடத்திலிருந்து பார்க்கையில் அது பள்ளமா, வெறும் கறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் பார்ப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.